கதவில் மாட்டும் தோள் கப்பி: ஃப்ரோசன் ஷோல்டருக்கு வாங்கலாமா?

மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் பாலித்தீன் பையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். சின்னதாக ஒரு கப்பி, இரண்டு கைப்பிடி, இரண்டு மீட்டர் சொச்சம் நைலான் கயிறு, கதவிடுக்கில் செருக ஒரு பட்டை. அவ்வளவுதான். 'ஷோல்டர் புல்லி' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இணையத்தில் வாங்கினாலும் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை என்று அவதிப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

பொருள் நல்ல பொருள். வாங்கலாம். ஆனால் எந்த மாதத்தில் வாங்குகிறோம் என்பது முக்கியம். அதைவிட முக்கியமாக, இந்தக் கப்பி செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. தோள்மூட்டு இறுகிக் கை அசையாமல் போகும் இந்த ஃப்ரோசன் ஷோல்டர் நோயில் முதலில் பறிபோவது அந்த அசைவுதான். அதற்கு வேண்டியது மூன்றடிக் குழாய் ஒன்று. விலையும் மிகக் குறைவு. கப்பியை மதிப்பிட உட்கார்ந்தால் குழாய், வெந்நீர்ப் பை, தைலம், தலையணை எல்லாவற்றையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. தனியாக எதுவும் இந்தத் தோளை விடுவிப்பதில்லை.

தோள்மூட்டைச் சுற்றி மெல்லிய சவ்வுக் கூடு ஒன்று உண்டு. அக்குள் பக்கம் தாராளமாகத் துணி விட்டுத் தைத்த ஜாக்கெட் மாதிரி, கீழ்ப்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தளர்ந்து கிடக்கும். கையைத் தூக்கும்போது அந்த மடிப்பு விரியும். ஃப்ரோசன் ஷோல்டரில் இந்தக் கூடு அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுகிறது. மடிப்பு விரியாது. முன்பக்கம் மேலே இருக்கும் பகுதிதான் முதலில் இறுகும். அதனால்தான் கை மேலே போவது குறைவதற்கு முன்பே, வெளிப்பக்கம் திரும்புவது நின்றுபோகிறது. வாயு பிடித்துக்கொண்டது, சுளுக்கு விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். வயிற்று வாயுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வாழைக்காயையும் உருளைக்கிழங்கையும் விட்டதால் தோள் இளகாது. சித்த மருத்துவர்கள் இதைக் கும்பவாதம் என்ற பெயரோடு பொருத்திப் பார்க்கிறார்கள். 'உறைந்த தோள்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயரை 1934-இல் வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன். காரணம் காண்பதும் குணப்படுத்துவதும் கடினம் என்று அப்போதே அவர் எழுதியிருக்கிறார்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி முன் நின்று இரண்டு முழங்கையையும் இடுப்போடு ஒட்டி, 90 டிகிரி மடக்குங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். முழங்கை இடுப்பை விட்டு விலகாமல், இரட்டைக் கதவைத் திறப்பதுபோல முன்கைகளை வெளியே திருப்புங்கள். நல்ல கை திறக்கும் அளவில் பாதிகூட வலிக்கும் கை திறக்கவில்லையா? இப்போது வீட்டில் ஒருவரை அந்தக் கையை மெதுவாகப் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் அதே இடத்தில் முட்டி நின்றால் கூடு இறுகியிருக்கிறது என்று பொருள். நீங்கள் தூக்கினால் வரவில்லை, பிறர் தூக்கினால் சுலபமாக மேலே போகிறது என்றால் அது பெரும்பாலும் வேறு சமாச்சாரம்; தசைநாண் கிழிந்திருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

முட்டி நின்றாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. ஃப்ரோசன் ஷோல்டரில் எக்ஸ்ரே பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மற்றவற்றை விலக்கத்தான் அதை எடுப்பது. மூட்டுத் தேய்மானத்திலும் வெளித்திருப்பம் இதேபோல நிற்கும். வலிப்பு வந்தபின், அல்லது கரன்ட் ஷாக் அடித்தபின் தோள் பின்பக்கமாக நழுவியிருந்தாலும் நிற்கும். அப்படிப்பட்ட தோளில் கப்பி மாட்டி இழுப்பது கேடு. கீழே விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி இவையெல்லாம் முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவை. நடக்கும்போது இடது கையும் நெஞ்சும் சேர்ந்து வலித்தால் அது இதயமாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

எந்த மாதத்தில் கப்பி?

இந்த நோய் மூன்று கட்டமாகப் போகும். முதலில் உறையும் கட்டம், தோராயமாக 2 முதல் 9 மாதம். வலிதான் இங்கே ராஜா. ராத்திரி திரும்பிப் படுத்தால் உயிர் போகும். சட்டென்று கையை நீட்டினால் கண்ணில் பொறி பறக்கும். அடுத்தது உறைந்த கட்டம், 4 முதல் 12 மாதம். வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியில் இளகும் கட்டம், 5 மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுவரைகூட ஆகும். மொத்தத்தில் ஒன்று முதல் மூன்று ஆண்டு. சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே '21 நாளில் பூரண குணம்' என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்தால் நின்று படிக்காமல் போய்விடுங்கள்.

கப்பி உறைந்த கட்டத்துக்கும் இளகும் கட்டத்துக்கும் உரியது. உறையும் கட்டத்தில், ராத்திரி வலி தூக்கத்தைக் கெடுக்கும் நாள்களில், கப்பியால் இழுத்தால் அழற்சி கூடும். கூடு இன்னும் இறுகும். இந்தப் பொருளைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. 'வாங்கினேன், ஒரு வாரம் செய்தேன், வலி அதிகமாகிவிட்டது' என்பார்கள். கப்பி பழுதில்லை, வாங்கிய நேரம்தான் தவறு.

வலியைத் தாண்டி இழுத்தால்தான் விடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 'கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோங்கக்கா, இன்னிக்கு விட்டா நாளைக்கு வராது' என்று சொல்லிக் கையைப் பிடித்து அழுத்துகிறவர்கள் உண்டு. 2004-இல் நெதர்லாந்தில் 77 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வலியைத் தாண்டிய தீவிர பிசியோதெரபி. மற்றப் பிரிவுக்கு வலி எல்லைக்குள், கையைத் தொங்கவிட்டு ஆட்டும் ஊசலாட்டமும் எளிய அசைவுகளும் மட்டும். 24 மாதம் கழித்துத் தோள் நன்றாக இயங்கும் நிலைக்கு வந்தவர்கள் தீவிரப் பிரிவில் 63 சதவீதம், மென்மையான பிரிவில் 89 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் பல்லைக் கடிக்கச் சொல்பவருக்கு எடுத்துச் சொல்லத் தக்க ஆய்வு.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது

இரண்டு வகை வருகிறது. ஒன்று, கதவின் மேல்விளிம்பில் மாட்டும் இரும்புக் கொக்கி வகை. மற்றொன்று, துணிப்பட்டையின் நுனியில் உருண்டையாக ஒரு தடுப்பு வைத்து, அதைக் கதவுக்குப் பின்னால் போட்டுக் கதவைச் சாத்தும் வகை. நம் கடலூர், புதுச்சேரிக் கடலோரத்துக்கு இரண்டாவதுதான் சரி. தேவனாம்பட்டினத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் உப்புக்காற்றில் சைக்கிள் செயினே என்ன பாடுபடுகிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முலாம் பூசிய இரும்புக் கொக்கி சீக்கிரம் துருவேறிக் கதவிலும் கறை விடும். சக்கரம் நைலானாக, அச்சு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது.

சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நகத்தால் நெருடிப் பாருங்கள். மலிவான கப்பிகளில் இங்கேதான் கோளாறு. இடைவெளி அகலமாக இருந்தால் கயிறு பள்ளத்திலிருந்து ஏறி, இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பாதித் தூக்கத்தில் கயிறு சிக்கி, பிறகு டக்கென்று விடுபட்டால் இறுகிய தோளுக்கு அந்த ஒரு அதிர்ச்சி போதும், இரண்டு ராத்திரித் தூக்கம் போய்விடும். கடைக்காரரைக் கப்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கயிற்றை இருபுறமும் இழுத்துப் பிடித்து இருபது தடவை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். கிறீச்சிட்டாலோ விட்டுவிட்டு நகர்ந்தாலோ வேறு ஒன்றைக் கேளுங்கள். கைப்பிடியில் ரப்பரோ பஞ்சோ சுற்றியிருந்தால் வசதி. சர்க்கரையால் விரல் மரத்துப் போனவர்கள் அதன்மேல் பழைய பருத்தித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம்.

மாட்டும் கதவைப் பற்றி அட்டைப்பெட்டியில் சரியாகப் போடுவதில்லை. நீங்கள் உட்காரும் பக்கத்திலிருந்து இழுத்தால் கதவு சட்டத்தோடு மேலும் இறுக வேண்டும். அதாவது, கதவு உங்களைவிட்டு அப்பால் திறக்கும் பக்கத்தில் உட்கார வேண்டும். மறுபக்கம் உட்கார்ந்தால் தாழ்ப்பாள் ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும். எப்படியானாலும் தாழ் போட்டுவிடுங்கள். பயிற்சி நேரத்தில் வெளியிலிருந்து ஒருவர் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பாத்ரூம் பிவிசி கதவில் மாட்டவே கூடாது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருக்கும் இரட்டைக் கதவுக்கும் இது ஒத்துவராது. நடுவில் பிளவு, மேலே இடைவெளி, தடுப்பு வழுக்கி வெளியே வந்துவிடும். அந்த வீடுகளில் உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் யோகம். கப்பிப் பட்டையை அதில் மாட்டிவிட்டால் எந்தக் கதவையும்விட உறுதி. அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போட மேலே கப்பி வைத்திருப்பார்களே, அதன் கயிற்றையே பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சக்கரம் சுவரை ஒட்டி இல்லாமல் தலைக்கு மேல் இருந்தால் செய்யலாம். ஆனால் அந்தக் கயிறு மெலிசு, கையை அறுக்கும். கைப்பிடியாக அரையடிக் குழாய்த் துண்டைக் கோர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இழுக்கும் முறை. முதல் சில வாரம் கதவைப் பார்த்து உட்காருங்கள், முழங்கால் கதவைத் தொடும் அளவுக்கு. முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உச்சியில் கயிறு கையைப் பின்பக்கம் இழுக்கும். அது பிறகு வேண்டும், இப்போது வேண்டாம். நல்ல கை மேலே இருக்கும்போது வலிக்கும் கை மடியில் தளர்ந்து கிடக்கும்படி கயிற்றின் நீளத்தை முடிச்சுப் போட்டுச் சரிசெய்யுங்கள். இப்போது நல்ல கை கீழே இழுக்கிறது, வலிக்கும் கை சும்மா மேலே போகிறது. சும்மா என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். வலிக்கும் கையின் பாதை மூக்குக்கு நேராகவும் வேண்டாம், காதுக்கு நேராகப் பக்கவாட்டிலும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில். கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். முட்டும் இடத்தில் 5 விநாடி நின்று, மூச்சை மெதுவாக விட்டு, இறக்குங்கள். 10 தடவை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, தாங்கினால் மூன்று வேளை. ஒரு மாதம் கழித்து உச்சியில் 10 விநாடி, 15 விநாடி என்று நீட்டலாம்.

பலர் அலறுவது ஏற்றும்போது அல்ல, இறக்கும்போது. உச்சிக்குப் போனதும் நல்ல கை சோர்ந்து கயிற்றைச் சட்டென்று தளர்த்திவிடும். தொங்கும் கையின் எடையைப் பிடிக்க இறுகிய தோள்தசை ஒரே நொடியில் துள்ளும். அந்த வலிதான் அது. ஏற்ற எடுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் எடுத்து இறக்கினால் அநேகமாக வராது.

இன்னொரு ஏமாற்று, தோளே காதை நோக்கி ஏறிவிடுவது. மூட்டு அசையவில்லை, தோள்பட்டை எலும்பு முழுவதும் மேலே வழுக்குகிறது. கை உயர்ந்த மாதிரி தெரியும். உடம்பு மறுபக்கம் சாய்ந்தாலும் அதேதான். எதிரே நாற்காலியில் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். தோள் காதை நோக்கிக் கிளம்பும் இடம்தான் உங்கள் எல்லை. அங்கே நிற்க வேண்டும்.

வலிக்கு அளவுகோல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் முதல் பத்துவரை எண்ணினால் மூன்று, மிஞ்சினால் நான்கு. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் தணிய வேண்டும். அன்று ராத்திரி வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், கையைக் கட்டிப்போட்டால் இறுக்கம் முந்திக்கொள்ளும்.

கப்பி தராத அசைவு

கப்பி கையை மேலே கொண்டுபோகும், அவ்வளவுதான். வெளித்திருப்பத்தை அது தொடுவதே இல்லை. தலை சீவ, சட்டைக் கையை நுழைக்க, ஸ்கூட்டரின் பின்சீட்டில் பையை வைக்க, கார் சீட்பெல்ட்டை எட்டிப் பிடிக்க எல்லாவற்றுக்கும் அந்தத் திருப்பம் வேண்டும். கையை நன்றாக மேலே தூக்குவதற்கே அது கொஞ்சம் தேவை. மேற்கை எலும்பு வெளிப்பக்கம் உருளாமல் மேலே போனால் உச்சியில் இடிக்கும். கப்பியில் ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேற்றமே இல்லை என்பவர்களுக்கு அநேகமாக இதுதான் காரணம்.

ஹார்டுவேர் கடையில் முக்கால் அங்குல பிவிசி குழாய் மூன்றடி நறுக்கித் தரச் சொல்லுங்கள். நுனிகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். துடைப்பக் கட்டை, நீளமான குடை எதுவும் ஆகும். தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். வலிக்கும் கையின் முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று, அக்குளுக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய சின்னத் துண்டு ஒன்று. முழங்கையை 90 டிகிரி மடக்கிக் குழாயின் இரு நுனியையும் இரு கையால் பிடியுங்கள். நல்ல கை குழாயை மெதுவாகத் தள்ள, வலிக்கும் கையின் முன்கை வெளிப்பக்கம் சாயும். முட்டும் இடத்தில் 5 முதல் 10 விநாடி. 10 தடவை. விலாவோடு இருக்கும் துண்டு நழுவி விழுந்தால் முழங்கை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். அந்தத் துண்டு அதற்காகவே வைத்தது. கப்பிக்குப் போவதற்கு முன்பு இதைச் செய்துவிட்டுப் போங்கள்.

உறையும் கட்டத்தில் இருப்பவர்களுக்குக் கப்பி, குழாய் இரண்டும் பிறகு. இப்போதைக்கு ஊசலாட்டம் மட்டும். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்றில் விட்ட வாளிக்கயிறுபோலத் தொங்கவிடுங்கள். கையை ஆட்டாதீர்கள், இடுப்பை அசைத்தால் கை தானாக ஆடும். முன்பின் 10, வட்டமாக இரு திசையிலும் பத்துப் பத்து, வட்டம் ஓரடிக்கு மேல் வேண்டாம். வலி குறைந்தபின் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம். குனிந்தால் தலை சுற்றுகிறவர்கள், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கட்டிலில் குப்புறப் படுத்துக் கையை மட்டும் விளிம்பில் தொங்கவிட்டால் போதும்.

சுவரில் விரல் நடத்துவது பயிற்சி என்பதைவிட அளவுகோல். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே இடத்தில் நின்று, விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நாளுக்கு நாள் பார்த்தால் மனம் உடைந்துபோகும். மாதத்துக்கு இரண்டு விரற்கடை ஏறினாலும் தோள் இளகிக்கொண்டிருக்கிறது என்று கோடு காட்டும். முதுகுக்குப் பின்னால் துண்டு பிடித்து இழுப்பதைக் கடைசி மாதங்களுக்கு விட்டுவிடுங்கள்.

சூடும் தைலமும்

தைலம் தோளின் கூட்டுக்குள் இறங்கி அதை இளக்கும் என்பது நடக்காத காரியம். கூடு தடித்த தசைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. ஆனால் தைலத்தை வீண் என்று சொல்லவும் மாட்டோம். வலிக்கும் மூட்டைக் காப்பாற்ற கழுத்துத் தசையும் தோள்பட்டைத் தசையும் மாதக்கணக்கில் இறுகிக் கிடக்கின்றன. இளஞ்சூடான எண்ணெயும் ஒரு கையின் தொடுகையும் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். தளர்ந்த அரை மணி நேரத்துக்குள் பயிற்சி செய்தால் அதே அசைவு குறைந்த வலியோடு வரும். தைலம் தேய்த்துவிட்டு அப்படியே படுத்துவிட்டால் அந்த நேரம் வீண்.

கற்பூராதி தைலமோ, நல்ல விளக்கெண்ணெயோ, வெறும் நல்லெண்ணெயோ, எதுவானாலும் 10 முதல் 15 மி.லி. போதும். கிண்ணத்தில் ஊற்றி வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பில் நேரடியாக வேண்டாம். கழுத்திலிருந்து தோள் நோக்கியும், தோள்பட்டை எலும்பின் ஓரமாகவும், மேற்கையிலும் உள்ளங்கையால் பத்து நிமிடம் நீவ வேண்டும். முன்பக்கம் தோள் உச்சிக்குக் கீழே விரலால் குத்தி அழுத்துவது அழற்சியுள்ள இடத்தையே அழுத்துவது, அதைத் தவிருங்கள். கற்பூரம் சேர்ந்த தைலம் குழந்தைகள் வாயில் பட்டால் ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். குபேர் அங்காடிப் பக்கமோ திருப்பாதிரிப்புலியூரிலோ நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது பாட்டிலில் உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அளந்து ஊற்றித் தரும் பெயரில்லாத எண்ணெய் வேண்டாம். எட்டி விதை சேர்ந்த தைலங்களைப் புண்ணோ கீறலோ உள்ள தோலில் போடவே கூடாது.

ஒற்றடத்துக்கு இரண்டு லிட்டர் ரப்பர் பை நல்லது. மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டு மூடினால் தோளின் வளைவில் படிந்து உட்காரும். முழுக்க நிரப்பினால் பந்துபோல உருண்டு ஓடும். கொதிக்கும் நீர் ஊற்றாதீர்கள், துண்டில் சுற்றுங்கள், 10 முதல் 15 நிமிடம். கரன்ட் போனாலும் கவலையில்லாத வழி வேண்டுமென்றால் கல்லுப்பு இருக்கிறது. மரக்காணத்து உப்பு அரை கிலோவை இரும்புச் சட்டியில் வறுத்து, இரட்டைப் பருத்தித் துணியில் முடிந்தால் நெடுநேரம் சூடு நிற்கும். வேலியோரத்து நொச்சி இலையையும் ஆமணக்கு இலையையும் நறுக்கி, இரண்டு கரண்டி விளக்கெண்ணெயில் வதக்கிக் கிழி கட்டியும் ஒற்றலாம். ஈரச்சூடு, இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டைத் தங்கள் தோளால் அளக்கக் கூடாது. வேறொருவர் முன்கையில் வைத்துப் பார்த்தபின்தான் வைக்க வேண்டும்.

ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. பச்சிலை வாசம் வீசும் வலி களிம்பைத் தடவிவிட்டு அதன்மேல் வெந்நீர்ப் பையை வைப்பது. அந்தக் களிம்புகளில் உள்ள மெத்தில் சாலிசிலேட் சூட்டில் தோலுக்குள் வேகமாக இறங்கும். தோல் வெந்து கொப்புளிக்கும். களிம்பு போட்டால் சூடு கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அந்தக் களிம்பைத் தொடர்ந்து பூசக் கூடாது. காந்தப் பட்டை, தாமிரக் காப்பு ஆகியவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல தலையணை வாங்கலாம்.

ஆம், தலையணை. மல்லாந்து படுத்தால் தோள் பின்பக்கம் சரியாமல் முழங்கைக்கும் முன்கைக்கும் அடியில் ஒரு தலையணை. ஒருக்களித்தால் நல்ல பக்கம் படுத்து, வலிக்கும் கையால் ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளுங்கள். கை மார்பைத் தாண்டி விழக் கூடாது. உறையும் கட்டத்தில் இது தரும் நிம்மதியை எந்தத் தைலமும் தராது.

எங்கே போகலாம்?

கோரிமேடு ஜிப்மர், புதுச்சேரி இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, எதுவானாலும் முதல் முறை எலும்பு மருத்துவரைப் பார்த்து இது ஃப்ரோசன் ஷோல்டர்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் தைலமும், தொக்கணம் எனும் சித்த மருத்துவத் தேய்ப்புச் சிகிச்சையும் பெறலாம். கடலூர் மாவட்டத்தில் வெளியே நடமாட முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் பக்கத்து ஊரில் இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை போய் முறையைக் கற்றுவந்து வீட்டில் செய்வது போதும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் நின்றபடி போய்வந்து, பிரேக் போடும்போதெல்லாம் கம்பியில் தொங்கினால் சிகிச்சையில் கிடைத்தது வழியிலேயே போய்விடும்.

எந்த இடமானாலும் முதல் பத்து நிமிடத்தில் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். எத்தனை மாதமாக வலி, ராத்திரி தூக்கம் எப்படி, சர்க்கரை இருக்கிறதா, முழங்கையை இடுப்போடு ஒட்டி வெளியே திருப்பிக் காட்டுங்கள். இவ்வளவும் கேட்டுவிட்டுத் தொட்டால் நல்ல இடம். ஒன்றும் கேட்காமல் எண்ணெய் போட்டுக் கையைப் பிடித்துச் சொடுக்கி இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சுளுக்கு வழிக்கும் இடங்களில் இது நடக்கிறது. வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால் மேற்கை எலும்பு முறியவும் கூடும்.

புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லின் கடலோர 'குவாயட்' மையத்தில் வாட்சு எனும் வெதுவெதுப்பான நீர்ச் சிகிச்சை கிடைக்கிறது. நீரின் மிதப்பு கையின் எடையைத் தூக்கிக்கொள்வதால், உறையும் கட்டத்தில் தரையில் வராத அசைவு தண்ணீரில் வரும். எந்தத் தோள், கையை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோள்வரை தண்ணீர் உள்ள எந்த நீச்சல்குளத்திலும் கையை மிதக்கவிட்டுப் பயன் பெறலாம். கடலில் வேண்டாம்; நம் கரையின் அலை தோளைப் பிடித்து உலுக்கிவிடும்.

இயற்கை வழி என்றால் ஊசியே கூடாது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. உறையும் கட்டத்தில் தூக்கமே இல்லாதவருக்கு மூட்டுக்குள் போடும் ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணித்து, ஊசலாட்டம் செய்ய வழிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறும். வீட்டில் அளந்து பார்க்க வேண்டும். பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஊசியோடு கூடிய பிசியோதெரபி, மயக்கம் கொடுத்து மூட்டை அசைப்பது, துளை வழி அறுவை மூன்றிலும் ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று தெரியவில்லை. ஆகவே அறுவைக்கு அவசரப்பட வேண்டாம்.

சர்க்கரையைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஃப்ரோசன் ஷோல்டர் 40 முதல் 60 வயதில், பெண்களுக்கு அதிகம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், இளகுவதும் தாமதம். தைராய்டு கோளாறோடும் தொடர்பு உண்டு. காரணமில்லாமல் தோள் இறுகியவர், தனக்குச் சர்க்கரையே இல்லை என்று நினைத்திருந்தாலும், சில மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஒன்றும், தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் ஒன்றும் எடுத்துவிடுங்கள். தோளுக்காகப் போன இடத்தில் முதன்முறையாகச் சர்க்கரை தெரியவருவதும் உண்டு. முழுமையான சிகிச்சை என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு ரத்தப் பரிசோதனையைக் கேட்காமல் விட்டால் அது முழுமை இல்லை.

இனி கப்பிக்கு எங்கள் மதிப்பெண்: உறையும் கட்டத்துக்குப் பூஜ்யம். அடுத்த இரு கட்டத்துக்கு, குழாய்ப் பயிற்சியோடு சேர்த்தால் ஐந்துக்கு நான்கு. தனியாக என்றால் இரண்டு. இரு கையும் சுவரில் ஒரே கோட்டைத் தொட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆனபின் கப்பியைக் கழற்றலாம். குழாயை மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் தொடருங்கள். கப்பியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சிலருக்கு ஐந்து ஆண்டுக்குள் மற்றத் தோளும் இறுகுகிறது. சக்கரத்தைத் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, உப்புக்காற்று படாமல் பாலித்தீன் பையில் இறுக முடிந்து அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.